புதையல் காதுக்குள் இருக்கட்டும்: பழைய வானொலி வெஸ்டர்ன் பாணியில் அரைமணி நேர நாடகம் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்த முதல் வெஸ்டர்ன் (அமெரிக்க மேற்கின் கௌபாய் கதை) ஒலி நாடகத்தில் ஒரு வரைபடம் இருந்தது. கிழிந்த தோலில் வரைந்த படம், அதில் மூன்று மலைகள், ஒரு வறண்ட ஆறு, ஓரத்தில் சிலுவைக் குறி. எழுதும்போது எங்களுக்கு எல்லாமே கண்முன் நின்றது. பதிவு முடிந்ததும் அத்தைக்குப் போட்டுக் காட்டினோம். பத்தாவது நிமிஷத்தில் அத்தை கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அந்தப் படத்துல என்னதான்டா இருக்கு?"

நான் காற்றில் விரலால் மலையை வரைய ஆரம்பித்தேன். பாதி வரைவதற்குள் எங்கே தவறினோம் என்று தெரிந்துவிட்டது. அத்தைக்கு அந்த வரைபடம் இல்லவே இல்லை. நாடகத்தில் வந்த பாத்திரங்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் புதையலை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்பவரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

அதன்பிறகு செய்த ஒவ்வொரு நாடகத்திலும் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டோம். புதையல் இருக்கும் இடத்தைக் கேட்பவர் தன் காதாலேயே கண்டுபிடிக்க முடிய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த விதியை நிறைவேற்றுவதற்காகத்தான். ஒரு கைப்பேசி, ஒரு கணினி, நான்கு நண்பர்கள், சமையலறைச் சாமான்கள் இருந்தால் போதும்.

படி 1: எழுதுவதற்கு முன் கேளுங்கள்

அமெரிக்க வானொலியில் வெஸ்டர்ன் நாடகங்கள் முப்பது ஆண்டுகள் ஓடின. 1930-ல் தொடங்கிய 'டெத் வேலி டேஸ்' பாலைவனத்தில் வெண்காரம் வெட்டி விற்ற ஒரு கம்பெனியின் விளம்பரத்தில் நடந்தது. அதை எழுதிய ரூத் வுட்மன் பாலைவனத்துக்கே போய், பழைய சுரங்கக்காரர்களிடம் கதை கேட்டு வந்து எழுதினார். 1933 ஜனவரியில் டெட்ராய்ட் நகரத்து நிலையம் ஒன்றில் 'த லோன் ரேஞ்சர்' ஆரம்பமானது. 1954 வரை புதிய நாடகங்கள் வந்தன. 1952-ல் சி.பி.எஸ். வானொலி நிறுவனம் தொடங்கிய 'கன்ஸ்மோக்' பெரியவர்களுக்கானது. 1961 வரை ஓடியது. நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் குரல் கொடுத்த 'த சிக்ஸ் ஷூட்டர்' 1953, 54-ல் 39 நாடகங்களோடு முடிந்துபோனது.

இவற்றில் பலவும் இன்றைக்கும் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் 16 அங்குல அகலமுள்ள பெரிய இசைத்தட்டுகள். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்குப் பதினைந்து நிமிஷம். ஆர்வலர்கள் அந்தத் தட்டுகளைத் தேடிச் சேர்த்து வைத்தார்கள். இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம்.

ஆங்கிலம் முழுதும் புரிய வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு 'கன்ஸ்மோக்' நாடகத்தைக் கேளுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் கேட்ட ஒலி, மறுபக்கம் அது மனதில் எழுப்பிய படம் என்று எழுதுங்கள். அந்த நாடகத்தில் ஒருவர் தெருவைக் கடந்தால் அந்த நடை நமக்கு முழுசாகக் கேட்கும். பலகை நடைபாதையில் பூட்ஸ் மோதும் கெட்டி ஒலி, படியிறங்கியதும் மண்ணில் மெத்தென்ற ஒலி, எதிர்ப்பக்கம் மறுபடி பலகை. யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கால் பட்ட இடம் மாறியதை வைத்தே தெருவின் அகலம் நமக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் படியில் அதுதான் கதையின் சாவியாகப் போகிறது.

படி 2: உண்மையான மண்ணில் கதையை நடுங்கள்

'மேற்குப் பாலைவனத்தில் எங்கோ ஓர் ஊர்' என்று எழுதினால் எல்லா ஒலியும் பொதுவாகவே இருக்கும். ஓர் இடத்தைப் பிடியுங்கள். எங்களுக்குப் பிடித்தது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே இருக்கும் சூப்பர்ஸ்டிஷன் மலை.

அங்கேதான் 'தொலைந்த டச்சுக்காரரின் சுரங்கம்' என்ற கதை பிறந்தது. அந்த டச்சுக்காரர் உண்மையில் ஜெர்மானியர். 'டாய்ச்' என்பது அமெரிக்க வாயில் 'டச்' ஆகிவிட்டது. பெயர் ஜேக்கப் வால்ட்ஸ். 1891 பிப்ரவரியில் உப்பாற்று (சால்ட் ரிவர்) வெள்ளம் அவருடைய பண்ணையை அழித்தது; அதே ஆண்டு அக்டோபர் 25-ல் ஃபீனிக்ஸில் இறந்தார். கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவர் ஜூலியா தாமஸ் என்ற பெண். வால்ட்ஸின் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறைய தங்கத் தாது இருந்ததாக ஊர்ப் பேச்சு. 1892-ல் ஜூலியா துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு மலையேறித் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப்பின் எத்தனையோ பேர் தேடினார்கள். 1931-ல் தனியாகப் போன அடால்ஃப் ரூத் என்பவர் திரும்பவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய மண்டையோடு கிடைத்தது.

மலை பெரும்பாலும் எரிமலைப் பாறை. தங்கம் இருக்க வாய்ப்புள்ள மண் இல்லை என்று நிலவியலாளர்கள் சொல்வார்கள். ஆனால் 1892-ல் அதன் மேற்கு அடிவாரத்துக்குப் பக்கத்தில் தங்கம் வெட்டியெடுக்கப்பட்டு, கோல்ட்ஃபீல்ட் என்று ஓர் ஊரே முளைத்தது. ஆகவே தேடிப் போனவர்களை அறிவில்லாதவர்கள் என்று நாடகத்தில் காட்டாதீர்கள். அவர்கள் கண்ணெதிரே நாலு மைல் தள்ளி யாருக்கோ கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மலை அப்பாச்சி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம். பழைய வானொலியில் பூர்வகுடியினர் முழு வாக்கியம் பேச மாட்டார்கள். லோன் ரேஞ்சரின் பூர்வகுடித் தோழன் டோண்டோவாகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவரே ஒரு வெள்ளை நடிகர்தான். நம் ஊரில் லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு 'செவ்விந்தியர்' என்ற சொல் வாயில் தானாக வரும். நாடகத்தில் அப்பாச்சி பாத்திரம் வந்தால் அப்பாச்சி என்றே சொல்லுங்கள், மற்றவர்கள் பேசும் அதே தமிழை அவருக்கும் கொடுங்கள். அந்த மலையில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

படி 3: புதையலை எடைபோடுங்கள்

எழுத்தாளர்கள் பெரும்பாலும் தாவிவிடும் இடம் இது. புதையல் ஏன் புதைக்கப்பட்டது? திருடியவன் ஏன் எடுத்துக்கொண்டு போகவில்லை? பதில் எடையில் இருக்கிறது.

அந்தக் காலத்து 20 டாலர் தங்க நாணயம் ஒன்று 33.4 கிராம். எங்கள் கதையில் கோச்சு வண்டியிலிருந்து கொள்ளை போனது 20,000 டாலர். அதாவது 1,000 நாணயங்கள், 33 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். கிட்டத்தட்ட ஒரு சிமென்ட் மூட்டையின் மூன்றில் இரண்டு பங்கு. 450 கிலோ எடையுள்ள குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்தால் நன்றாக நடக்கும் என்பது பொதுக் கணக்கு. அதாவது 90 கிலோ. 75 கிலோ ஆள், 15 கிலோ சேணம் ஏறியதுமே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. மேலே 33 கிலோ தங்கம் வைத்தால் குதிரை தளரும், துரத்தி வருபவர்கள் நெருங்குவார்கள். ஆகவே வழியில் எங்காவது இறக்கி வைத்துத்தான் ஆக வேண்டும். பார்த்தீர்களா, புதைக்கும் காட்சி தானாகவே பிறந்துவிட்டது.

தண்ணீரையும் இதேபோல் கணக்குப் போடுங்கள். கோடையில் அந்தப் பாலையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வேலை செய்யும் குதிரைக்கு நாளைக்கு முப்பது, நாற்பது லிட்டராவது வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. தங்கத்தைச் சுமப்பதா, தண்ணீரைச் சுமப்பதா என்று இரண்டு பேர் சண்டை போட்டால் அந்தச் சண்டைக்கு வில்லனே தேவையில்லை. தண்ணீர்க் குடுவையைக் குலுக்கும் ஒலி காட்சிக்குக் காட்சி மெலிந்துகொண்டே போகட்டும். முதல் காட்சியில் 'களக் களக்', கடைசியில் நாலு சொட்டு.

படி 4: காதால் திறக்கும் பூட்டு

சூப்பர்ஸ்டிஷன் மலையில் 'வீவரின் ஊசி' என்று ஒரு பாறைக் கோபுரம் நிற்கிறது. மாலை நாலு மணிக்கு அதன் நிழல் விழும் இடத்தில்தான் சுரங்கம் என்று ஒரு கதை உண்டு. படிக்க அருமையான குறிப்பு. வானொலிக்கு உதவாது, ஏனென்றால் நிழலுக்குச் சத்தம் கிடையாது. வரைபடம், பாறையில் செதுக்கிய அம்பு, இரட்டைக் கள்ளிச்செடி எல்லாம் இதே வகைதான்.

ஒலியுள்ள குறிப்பைத் தேடுங்கள். எதிரொலி இரண்டு முறை திரும்பும் பள்ளத்தாக்கு. கல்லைப் போட்டால் தாமதித்துத் தண்ணீரில் விழும் பாறைக்குழி. மழைநீர் தேங்கும் இப்படிப்பட்ட குழிகளை அங்கே 'தினாஹா' என்பார்கள், ஸ்பானிய மொழியில் மண்ஜாடி. காற்று ஒரு திசையில் அடிக்கும்போது மட்டும் ஊதல் எழுப்பும் இடுக்கு.

நாங்கள் எடுத்தது குளம்பொலியை. கதை இப்படி: சாகக் கிடக்கும் கொள்ளைக்காரன், தனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த விடுதிக்காரி மார்த்தாவிடம் கடைசியாகச் சொல்கிறான்: "என் குதிரை... பேச்சை மாத்தும். அங்க தோண்டு." குதிரை பயந்து கனைக்கும் இடம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவன் சொன்னது குளம்பை. கைவிட்ட சுரங்கக் குழியின் வாயைப் பலகையால் மூடி மேலே மண்ணைப் போட்டிருக்கிறான். அதன்மேல் குதிரை நடந்தால் மண்ணின் 'மத் மத்' மறைந்து உள்ளே வெற்றிடம் இருக்கும் 'டொம் டொம்' கேட்கும்.

இந்த ஒலியை முதல் பாகத்திலேயே கேட்க வைத்துவிடுங்கள். மார்த்தாவும், துணைக்கு வரும் டெபுடியும் (ஷெரீஃபின் உதவியாளர்), வழிகாட்டும் கிழவர் கிளெமும் குதிரையில் போகிறார்கள். மணல். பிறகு பாறை. பிறகு மூன்றே விநாடி அந்த 'டொம் டொம்' வெற்றொலி. மறுபடி மணல். அந்த மூன்று விநாடியில் தண்ணீரைப் பற்றி அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், யாரும் கவனிக்கவில்லை. கேட்பவரின் காதில் மட்டும் ஏதோ ஒன்று லேசாக இடறியிருக்கும்.

மூன்றாம் பாகத்தில் இரவு. நிலவில்லை. மார்த்தாவுக்கும் இப்போது கண் தெரியவில்லை. கேட்பவரும் அவளும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். குளம்பொலி மாறுகிறது. அவள் கடிவாளத்தை இழுக்கிறாள். அந்த நிமிஷத்துக்குத்தான் முழு நாடகமும்.

படி 5: நேரத்தைப் பங்கிடுங்கள்

பழைய வானொலியில் அரைமணி நேர நாடகம் என்றாலும் அதில் விளம்பரம், தொடக்க இசை, அறிவிப்பு போக, கதைக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து நிமிஷம் கிடைத்தது. தட்டச்சு செய்த பக்கம் ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்ற பழைய கணக்கு தமிழுக்குச் சரிவரவில்லை. நம் சொற்கள் நீளம். உரக்கப் படித்து, நிறுத்துக்கடிகாரம் வைத்துப் பாருங்கள். அதைத் தவிர வேறு வழியில்லை.

பாகம் ஒன்று எட்டு நிமிஷம், இரண்டு பத்து, மூன்று ஆறு என்று வைத்துக்கொண்டோம். தொடக்கத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். சாகக் கிடப்பவனின் மூச்சு, அவனுடைய ஒரு வாக்கியம், அடுத்த நொடி சேணத்தின் முனகல். முப்பது விநாடியில் கதை கிளம்பிவிட வேண்டும்.

படி 6: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்

தமிழுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆங்கில நாடகத்தில் யாரிடம் பேசுகிறோம் என்று காட்டவே வரிக்கு வரி பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு விகுதியே போதும். 'வந்தாள்', 'வந்தார்', 'வந்தான்' மூன்றும் மூன்று உறவு. அதைவிட முக்கியம் நீ, நீங்கள். டெபுடி மார்த்தாவை முதலிலிருந்தே "நீங்க", "அம்மா" என்று பேசட்டும். தங்கம் இருக்கும் இடம் நெருங்கும்போது ஒரே ஒரு முறை "நீ" என்று விழட்டும். துப்பாக்கி வெளியே வருவதற்கு முன்பே அவன் மாறிவிட்டான் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் பிரதியிலிருந்து ஒரு துண்டு:

(காற்று. தூரத்தில் இடி. குதிரை ஒன்று மெல்ல நடக்கிறது, மணலில்.)

கிளெம்: மழை வருது தாயி. ஓடையில தண்ணி வந்துச்சுன்னா குதிரையும் நிக்காது, நாமளும் நிக்க மாட்டோம். மேட்டுக்குப் போயிரலாம்.

டெபுடி: இன்னும் கொஞ்ச தூரம் பாத்துடலாம்மா. நீங்க சொன்னா நான் முன்னாடி போறேன்.

மார்த்தா: பெரியவர் சொல்றதக் கேளுங்க. குடுவையில எவ்ளோ இருக்கு?

(குடுவை. மிகக் கொஞ்சம்.)

டெபுடி: அது... இருக்கு.

மார்த்தா: காலைல நெறய இருந்துச்சே.

(யாரும் பேசவில்லை. குதிரை நிற்கிறது. சேணம் முனகுகிறது.)

டெபுடி: கீழ எறங்கு.

மூவரும் ஆளுக்கொரு விதமாகப் பேசுவதைக் கவனியுங்கள். கிழவருக்குத் "தாயி". கடைசி வரியில் ஒரே வினை, மரியாதை உதிர்ந்துவிட்டது.

மொழியில் இன்னொரு பொறி உண்டு. வெளிநாட்டுப் படத்துக்கு மொழிமாற்றக் குரல் கொடுப்பதுபோல் "ஓ கடவுளே, என்ன ஒரு ஆச்சரியம்" என்று எழுதிவிடுவோம். வேண்டாம். அதேசமயம் அரிசோனா விடுதிக்காரியை மதுரைக்காரியாக ஆக்கிவிடவும் வேண்டாம். எந்த ஊர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத, ஆனால் வாயில் புழங்கும் பேச்சுத் தமிழ் போதும். ஷெரீஃப், டெபுடி, சலூன், டாலர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். சேணம், கடிவாளம், லாடம், அங்கவடிக்கு நம்மிடம் சொல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

"அதோ பார்!" என்ற வசனத்தை எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள். பார்க்க ஆளில்லை.

படி 7: சமையலறையிலிருந்து அரிசோனா

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சாவகாசமாகச் செய்யுங்கள், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

குதிரைக்குக் கொட்டாங்குச்சி. இரண்டு மூடிகளின் விளிம்பையும் உப்புத்தாளால் தேயுங்கள், இல்லாவிட்டால் கீச்சிடும். அமெரிக்க நிலையங்களிலும் தேங்காய் ஓடு வைத்திருந்தார்கள்; டெட்ராய்டில் கழிவறை அடைப்பு நீக்கும் ரப்பர்க் கிண்ணத்தைச் சரளைத் தட்டில் அழுத்தியும் குளம்பொலி செய்தார்கள். முக்கியமானது தாளம். நடையில் நாலு அடியும் சம இடைவெளியில் விழும்: டக், டக், டக், டக். துள்ளுநடையில் குறுக்குக் கால்கள் சேர்ந்து விழுவதால் இரண்டே அடி: டக்-டக், டக்-டக். மிதமான ஓட்டத்தில் மூன்று அடி, பிறகு குதிரை காற்றில் இருக்கும் சிறு இடைவெளி. அந்த இடைவெளியை விட்டால்தான் குதிரை ஓடும்; விடாவிட்டால் யாரோ மேஜையைத் தட்டுகிறார்கள்.

தரைக்கு மூன்று தட்டு தயார் செய்யுங்கள். ஆற்று மணல் நிரப்பிய பிளாஸ்டிக் தட்டு மணல்வெளி. பழைய கடப்பாக்கல் துண்டு பாறை. வெற்றொலிக்குக் காலி மரப்பெட்டியைக் கவிழ்த்து, மேலே இரண்டு கைப்பிடி மண் தூவுங்கள். எங்களுக்குப் பழத்தோடு வந்த பலகைப்பெட்டி ஒன்று கைகொடுத்தது. மண் தூவாமல் தட்டினால் கதவு தட்டுவதுபோல் ஆகிவிடும், மண் அதிகமானால் ஒலியே செத்துவிடும். ஆளுக்கு ஆள் தட்டிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டவர் "கீழே பள்ளம்" என்று சொல்லும்வரை சரிசெய்தோம்.

சேணம் முனகப் பழைய தோல் பர்ஸை மைக்குக்கு மிக அருகில் முறுக்குங்கள். நெருப்புக்கு மிட்டாய்க் காகிதம் கசங்க வேண்டும், மெதுவாக. மணல் பறக்கும் ஒலிக்கு முறத்தில் அரிசியைப் போட்டுச் சாய்த்துச் சாய்த்து ஓடவிடுங்கள். அதையே வேகமாகச் செய்தால் மழை. இடிக்குப் பெரிய தகரத் தகடு. பனியில் நடக்கும் காட்சி வைத்தால் கார்ன்ஃப்ளோர் மாவைத் துணிப்பையில் கட்டி அமுக்குங்கள், பழைய வானொலிக்காரர்கள் கண்டுபிடித்த முறை, இன்றுவரை அதற்கு மிஞ்சியது இல்லை.

கிலுகிலுப்பைப் பாம்புக்கு வாகை நெற்று. காய்ந்து வெளுத்த நெற்றுகள் ஐந்தாறு சேர்த்து நூலால் கட்டி விரல் நுனியில் அதிர விடுங்கள். சங்கப் பாலைப் பாட்டில் காற்றில் வாகை நெற்று ஒலிப்பதைப் பறையொலியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆறலைக் கள்வர் நடமாடும் வறண்ட வழிக்கு எந்த ஒலி பொருந்தும் என்று நம்மவர்களுக்கு ஈராயிரம் ஆண்டுகளாகத் தெரிந்திருக்கிறது. அரிசோனாவுக்கும் அது பொருந்தியபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

துப்பாக்கிக்குப் பட்டாசு வெடிக்காதீர்கள். மைக் தாங்காது, பதிவில் வெறும் கரகரப்புதான் மிஞ்சும். ரெக்சின் மெத்தையை மரச் ஸ்கேலால் ஓங்கி அடியுங்கள், மைக் ஆறடி தள்ளி இருக்கட்டும். 1873-ல் வந்த கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வரில் குண்டு போட ஆறு அறை. சுத்தியல் படும் அறையைப் பாதுகாப்புக்காகக் காலியாக விட்டு ஐந்து குண்டு போடுவது வழக்கம். கேட்பவர்கள் எண்ணுவார்கள். நீங்களும் எண்ணுங்கள்.

தங்கத்துக்கு நம் ரூபாய் நாணயம் சரிவராது, ஒலி மெலிசு. பித்தளை வாஷர்களைத் தடித்த துணிப்பையில் போட்டு மெதுவாக நகர்த்தினால் கனம் வரும். மூட்டையைத் தூக்கும் காட்சியில் நடிகரின் கையில் உண்மையாகவே பத்துக் கிலோ அரிசிப் பையைக் கொடுங்கள். மூச்சு தானாக மாறும். நடித்து வரும் மூச்சு வேறு, சுமந்து வரும் மூச்சு வேறு.

படி 8: பதிவு

அந்தக் காலத்து ரிப்பன் மைக்குக்கு முன்னும் பின்னும் மட்டும் காது உண்டு, பக்கவாட்டில் கேட்காது. நடிகர்கள் இரு பக்கமும் எதிரெதிரே நின்று பேசுவார்கள். தூரத்தில் போவதைக் காட்ட மெல்லப் பக்கவாட்டுக்கு நகர்வார்கள். உங்கள் கைப்பேசிக்கு அந்த வித்தை தெரியாது. தூரத்தை நடிகரே உண்டாக்க வேண்டும்: அந்தரங்கப் பேச்சுக்கு ஒரு சாண், சாதாரணப் பேச்சுக்கு ஒரு முழம், ஓடைக்கு அந்தப் பக்கம் என்றால் எட்டடி தள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அறைதான் பெரிய எதிரி. பாலைவனத்துக்குச் சுவர் கிடையாது, உங்கள் அறைக்கு நாலு உண்டு. மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, மேலே கம்பளி போர்த்தி ஒரு கூடு கட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்பெட்டியின் மின்சாரத்தையும். வியர்க்கும், வியர்த்தால் பாலைவனக் குரல் வரும்.

எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே அறையில், ஒலிக்காரரும் கூடவே இருந்து பதிவு செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தனித்தனியாக வீட்டிலிருந்து அனுப்பி ஒட்டிய நாடகமும் கேட்டிருக்கிறேன், யாரும் யாரையும் கேட்டுப் பேசுவதில்லை. பழைய நாடகங்களில் பலவும் நேரலையில் போனவை. நாட்டின் மேற்குப் பகுதியில் மணி வேறு என்பதால், ஒரே இரவில் அதே நாடகத்தை மறுபடி முதலிலிருந்து நடித்தார்கள். இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையால் பேசுவார்: விரலைச் சுழற்றினால் வேகம், ரப்பரை இழுப்பதுபோல் கைகளை விரித்தால் நிதானம், மூக்கைத் தொட்டால் நேரம் சரியாகப் போகிறது. இந்த மூன்று சைகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாள்களை ஊசிபோட்டுக் கட்டாமல் தனித்தனியாக வைத்து, படித்து முடித்ததைப் பாய்மேல் நழுவவிடுங்கள். திருப்பினால் சரசரக்கும்.

படி 9: தொகுப்பு

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். பதிவின் உச்ச ஒலி, அளவுகோலின் மேல் எல்லையான பூஜ்ஜியத்துக்கு ஆறு டெசிபலாவது கீழே இருக்கட்டும்.

எதிரொலியை மனம்போன போக்கில் போடாதீர்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுட்ட ஒலி ஒரு விநாடி கழித்துத் திரும்பினால் பாறைச் சுவர் 170 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. டெபுடி பள்ளத்தாக்குக்குள் நெருங்கி வர வர இந்தத் தாமதத்தை ஒரு விநாடி, முக்கால், அரை என்று குறைத்துக்கொண்டே வந்தோம். மலை நெருக்குவதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் மூச்சு முட்டியதாகச் சொன்னார்கள்.

இசையைக் குறைவாக வையுங்கள். லோன் ரேஞ்சருக்கு ரோசினியின் 'வில்லியம் டெல்' இசையை எடுத்ததே உரிமைத்தொகை கேட்காத பழைய இசை என்பதற்காகத்தான். நீங்களும் அப்படிப்பட்ட இசையை எடுக்கலாம். ஆனால் இயற்றியவரின் உரிமை முடிந்திருந்தாலும், வாசித்துப் பதிவு செய்தவருக்கு உரிமை இருக்கும். அதனால் எங்கள் குழுவில் ஒருவர் மவுத் ஆர்கனில் நாலு சுரம் வாசித்தார். பாகத்துக்குப் பாகம் அதே நாலு சுரம், கடைசியில் மூன்று மட்டும்.

படி 10: கேட்க வைத்துத் திருத்துங்கள்

நாடகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத நாலு பேரைக் கூட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள்; உங்கள் முகத்தைப் பார்த்தே பதிலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முடிந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "புதையல் எங்க இருக்குன்னு எப்பத் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேளுங்கள்.

நாங்கள் கேட்கக் கூட்டிய நாலு பேரில் அத்தை ஒருவர். மார்த்தா கடிவாளத்தை இழுப்பதற்கு முன்பே பிடித்துவிட்டார்: "மொதல்லயே அந்தக் குதிரை டொம்முனு நடந்துச்சேடா." இன்னொருவர் மார்த்தாவோடு சேர்ந்து கண்டுபிடித்தார். மற்ற இரண்டு பேருக்கு முதல் வெற்றொலி காதில் விழவே இல்லை. கடைசியில் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள்.

திரும்பப் போய்ப் பார்த்தோம். அந்த மூன்று விநாடிக்கு அடியில் காற்றொலி அதிகமாக இருந்தது, மேலே கிளெமின் வசனம் ஒன்று சரியாக அதன்மேல் உட்கார்ந்திருந்தது. வசனத்தை ஒரு மூச்சு தள்ளிப் போட்டோம். காற்றைப் பாதியாக்கினோம். மூன்று விநாடியை நாலரை ஆக்கி, அதற்கு நேர்முன்னால் இருந்த பாறை ஒலியைக் கொஞ்சம் நீட்டினோம். பிறகு வேறு நாலு பேரைக் கூப்பிட்டு மறுபடி விளக்கை அணைத்தோம்.